முறை சொல்லிக் கூப்பிடுபவள்

"வீட்டுல ஒங்கள என்னான்னு கூப்புடுவாங்க?"

மதுஷா கட்டிலருகே நின்றுகொண்டு கேட்கிறாள். நாளைக் காலையில் முதுகைத் திறந்து கம்பி வைக்கப் போகிறார்களே என்ற பயத்தில் படுத்திருக்கும் மனிதர், இது என்னடா புது வம்பு என்று அவளைப் பார்க்கிறார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மாட்டிவிட்ட பட்டையில் பெயர் இருக்கிறது. அதைத் திருப்பிக் காட்டுகிறார். "அது ஆஸ்பத்திரிக்குங்க. வீட்டுல? தம்பி பிள்ளைங்க எப்பிடிக் கூப்புடும்?" விடமாட்டாள். "பெரியப்பாம்பாங்க" என்று அவர் முனகும்வரை நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டாள். பதில் கிடைத்ததும் முகம் மலர்ந்துவிடும். "அப்ப நாளைக்கு நானும் பெரியப்பான்னுதான் கூப்புடுவேன். வெறும் பேரச் சொல்லி எது கூப்புட்டாலும் காதுல வாங்காதீங்க." சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதைக் கேட்ட பிறகு அந்த மனிதருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போயிருக்கும். அது வேறு விஷயம்.

பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடக்கும்போது உள்ளே ஓடுகிற நரம்புக்குக் காவல் இருக்கிற வேலை. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் பசறை பஸ் புறப்பட்டுவிடும். தோட்டத்து ஆட்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பார்களா? 'கரண்டு மிஸ்' என்று வைத்துவிட்டார்கள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது போனில் யாராவது "யாருங்க பேசறது?" என்று கேட்டால் அவளே "கரண்டு மிஸ்ஸுங்க" என்கிறாள்.

வேலையைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். ஆள் மயங்கிய பிறகு உச்சந்தலையில் இரண்டு ஊசி, கைப் பெருவிரலின் அடிச்சதையில் ஊசி, கெண்டைக்காலில், பாதத்தில் ஊசி. தலையில் ஒரு சொடுக்கு மின்சாரம் கொடுத்தால், அது முள்ளந்தண்டின் வழியாக இறங்கிக் காலுக்கு வந்து சேரும். பாதம் வெட்டி இழுக்கும். அவளுடைய திரையில் கோடு எழும்பும். கோடு எழும்பினால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். படுத்துவிட்டால் டொக்டர் கையிலிருப்பதை அப்படியே நிறுத்த வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் மதுஷா "தெனவா" என்று குரல் கொடுப்பாள். கொடுக்கிறேன் என்பதற்குச் சிங்களம். சுற்றி நிற்பவர்கள் கையைத் தூக்கிக்கொள்வார்கள். பச்சைத் துணிக்கு அடியில் குப்புறக் கிடக்கும் உடம்பு ஒரு தரம் குலுங்கி அடங்கும்.

இத்தனை வருஷமாகியும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களின் கையை மட்டும் அவளால் அந்த நேரத்தில் பார்க்க முடிவதில்லை. "தெனவா" என்றதும் பெருவிரலும் பக்கத்து விரலும் சேர்ந்து ஒரு கிள்ளுக் கிள்ளும். ஆளுக்கு நினைவே கிடையாது. மூச்சைக்கூட மெஷின்தான் விடுகிறது. கை மட்டும் மலைக்குப் போய்விடுகிறது. "சத்தியமா சொல்றேங்க, கிள்ளிட்டு அடுத்தத தேடும்" என்பாள். சொல்லிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வெளியிலும் அவளால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பாள். பக்கத்து ஆசனத்துக்காரர் தூங்கிப்போய் அவர் கால் ஒரு தடவை வெட்டி இழுத்தால், அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொள்வாள். ஆட்டோ ஓட்டுகிற வீட்டுக்காரர் பாவம், படுக்கையில் காலை நீட்டவே பயப்படுகிறார். "கண்ண மூடுனா காலயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. மனுசன் எப்பிடித் தூங்கறது?" என்று ஸ்டாண்டில் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்படிப்பட்டவள் பேய்க்கும் பிசாசுக்கும் பயந்தவள் என்று நினைத்துவிடக்கூடாது. மொட்டப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கில், அதாவது மேல்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் கடைசி லயத்தில் பிறந்தவள். அந்த லயத்தில் விஞ்ஞானம் படித்த முதல் ஆள். "பேயெல்லாம் பீலிக்கரையோட விட்டுட்டு வந்தாச்சு" என்று பெருமையாகச் சொல்வாள். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடித்த இடம் அந்தப் பீலி. வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள் என்ற கேள்வியும் அப்போது அவளிடம் இல்லை. அது பெரியாயிக்குப் பிறகு வந்த பழக்கம்.

பெரியாயி கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். நாற்பதைத் தாண்டியிருந்தாள். காசநோய் நெஞ்சோடு நிற்காமல் முள்ளந்தண்டுக்குள் போய் இரண்டு எலும்பை அரித்துவிட்டது. முதுகு முன்னால் மடிந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்த பிறகும் கூடை சுமக்கிறவள் போலவே நடந்தாள். பிறகு கால் பின்ன ஆரம்பித்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்தாள். கம்பி வைத்து நிமிர்த்தாவிட்டால் காலிரண்டும் போய்விடும், நிமிர்த்துவதிலும் ஆபத்து உண்டு என்று பெரிய டொக்டர் மறைக்காமல் சொன்னார். அவளுடைய நுரையீரல் இருக்கிற நிலைமையில் ஒரு தடவைதான் திறக்கலாம். இன்னொரு தடவை தாங்காது.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் பின்னேரம் மதுஷா பெரியாயி படுத்திருந்த வாட்டுக்குப் போனாள். பெரியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மிஸ்ஸு எந்தத் தோட்டம்?"

"மொட்டப்பாறைங்க."

"மேக்கணக்கா, கீக்கணக்கா?"

"மேக்கணக்கு. தொங்க லயம்."

"அங்க ராக்காயின்னு ஒரு அக்கா…"

"எங்க அம்மாதாங்க."

"அடி ஆத்தீ!" பெரியாயி எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "ராக்காயி அக்கா எனக்குப் பெரியம்மா மகடி. அப்ப நான் ஒனக்குச் சின்னம்மா!"

மதுஷா சிரித்துவிட்டு, "சரிங்க பெரியாயிம்மா" என்றாள். ஆஸ்பத்திரிக்குள் முறை கொண்டாட ஆரம்பித்தால் பதுளையில் பாதிப் பேர் சொந்தமாகிவிடுவார்கள், பிறகு வேலை நடந்த மாதிரிதான் என்பது அன்றைக்கு அவள் கட்சி. முறைப்படி சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னாள். "ஒருவேள தேவப்பட்டா நடுவுல ஒங்கள லேசா முழிக்க வப்போம். பயப்படாதீங்க, வலி தெரியாது. நான் பேரச் சொல்லிக் கூப்புடுவேன். கைய இறுக்குங்கன்னா இறுக்கணும். காலாட்டுங்கன்னா ஆட்டணும். அம்புட்டுதான்."

"இருட்டா இருக்குமா?"

"கண்ணுல பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். இருட்டாத்தான் இருக்கும்."

"பேரச் சொல்லியா கூப்புடுவ?"

"ஆமாங்க. சத்தமா."

பெரியாயி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தாள். பயம்தானே, எல்லோருக்கும் உள்ளதுதானே என்று மதுஷா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்பிகள் ஏறின. முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. மதுஷா "தெனவா" சொல்லச் சொல்லக் கைக்கோடும் எழும்பியது, கால்கோடும் எழும்பியது. கடைசித் திருகாணியை இறுக்கினார்கள். "தெனவா" என்றாள். கைக்கோடு எழும்பியது. கால்கோடுகள் இரண்டும் எழும்பவில்லை. திரையின் கீழ்ப்பாதி, கழுவித் துடைத்துவிட்ட மாதிரி, வெறுமையாக இருந்தது.

"கால் இரண்டும் போய்விட்டன டொக்டர்" என்றாள் சிங்களத்தில். பெரிய டொக்டர் உடனே திருகாணியைத் தளர்த்தினார். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் றுமைஸா இரத்த அழுத்தத்தைக் கூட்டினார். பதுளை பஜாரில் வளர்ந்தவர். மதுஷாவோடு தமிழில்தான் பேசுவார். "எனக்கிட்ட எல்லாம் சரியா இருக்கு. ஊசி கழண்டிருச்சா பாருங்க" என்றார். மதுஷா துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து ஒவ்வொரு ஊசியாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் கழன்றிருக்கவில்லை. சூடான உப்புநீர் ஊற்றினார்கள். காத்திருந்தார்கள். "தெனவா." கை ஒரு கிள்ளுக் கிள்ளியது. கால் அசையவில்லை.

"எழுப்பிக் கேட்டுவிடலாம்" என்றார் பெரிய டொக்டர்.

இது எப்போதாவது நடப்பதுதான். ஆனாலும் அந்தச் சில நிமிஷங்களில் ஆபரேஷன் தியேட்டருக்குள் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முதுகு திறந்து கிடக்கிறது. உள்ளே கம்பி பளபளக்கிறது. அந்த ஆளை நினைவுக்குக் கொண்டுவந்து கேள்வி கேட்கப் போகிறார்கள். றுமைஸா மருந்தைக் குறைத்தார். மதுஷா மேசைக்கு அடியில் குனிந்து, பெரியாயியின் கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"பெரியாயி!"

நாடித்துடிப்பைச் சொல்லும் மெஷின் சட்டென்று வேகமாகக் கத்தியது. கை அசையவில்லை.

"பெரியாயி! கைய இறுக்குங்க!"

மெஷின் இன்னும் வேகமெடுத்தது. "முழிச்சிட்டாங்க மதுஷா" என்றார் றுமைஸா. "ஒங்க குரல் கேக்குது. நீங்க கூப்புட்ற நேரமெல்லாம் பல்ஸ் பாயுது."

"பெரியாயி! கால ஆட்டுங்க! பெரியாயி!"

அப்போதுதான் அந்தக் கை நகர்ந்தது. இறுக்கவில்லை. மதுஷாவின் கைக்குள்ளிருந்து, ஒவ்வொரு விரலாக, மெல்ல மெல்ல நழுவிப் போனது. போய், பெருவிரலை உள்ளே வைத்துப் பொத்திக்கொண்டது.

"கை அசைகிறது" என்றார் கால்பக்கம் நின்று கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டொக்டர். "கால் அசையவில்லை." அவர் கோபக்காரரில்லை. ஆனால் அதற்கு மேல் யோசிக்க அவருக்கு இடமில்லை. கையை அசைக்கத் தெரிந்த ஆளால் காலை அசைக்க முடியவில்லையென்றால் கம்பியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றினால் கால் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்; முதுகு மட்டும் இனி ஒருநாளும் நிமிராது. கருவிக்குக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் டொக்டர்" என்றாள் மதுஷா.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அந்த நொடியில் அவளுக்கே தெரியாது. அந்தக் கை நழுவிய விதம்தான் மனதில் நின்றது. கேட்காதவளின் கை நழுவாது. கேட்கிறது, கேட்டுத்தான் கையை எடுத்துக்கொள்கிறாள். என்னைக் கண்டு பயப்படுகிறாள். ஏன்? அப்போது பீலிக்கரை ஞாபகத்துக்கு வந்தது. விடியாத நேரம், பனிமூட்டம், கையில் குடம், பக்கத்தில் அம்மா. மேலே தேயிலைக்குள்ளிருந்து யாரோ "மதுஷா" என்றார்கள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவளின் வாயை அம்மா பொத்தினாள். "பேரச் சொல்லிக் கூப்புட்டா ஏன்னு கேக்காத. மொறை சொல்லிக் கூப்புடட்டும். அதுக்குப் பேரு தெரியும், மொறை தெரியாது." லயத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். படித்துப் பட்டம் வாங்கியதும் இவள்தான் மறந்துவிட்டாள். பெரியாயி மறக்கவில்லை. இருட்டுக்குள் வைத்து, வெறும் பேரைச் சொல்லி, கையை நீட்டு காலை நீட்டு என்றால் எந்தத் தோட்டத்துப் பெண் நீட்டுவாள்?

மதுஷா தரையில் மல்லாந்து படுத்துவிட்டாள். தியேட்டர் தரையில் படுக்கலாமா, என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. மேலே, தலையைத் தாங்குகிற சட்டத்துக்குள், பெரியாயியின் முகம் அவள் முகத்தைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தது. வாயில் குழாய். பிளாஸ்டருக்கு அடியில் இரண்டு இமையும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"சின்னம்மா" என்றாள். சத்தமாக அல்ல. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். "சின்னம்மா, நாந்தான். மொட்டப்பாற ராக்காயி மக. பயப்படாத சின்னம்மா. நான் ஒனக்கு மக மொறை. கொஞ்சம் காலாட்டு பாப்பம்."

மெஷினின் சத்தம் கொஞ்சம் இறங்கியது. பிறகு கால்பக்கமிருந்து பெரிய டொக்டரின் குரல் வந்தது. "வலது." சற்றுப் பொறுத்து, "மறுபடியும் சொல்லு."

"இன்னொரு காலு சின்னம்மா. எடது காலு."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. மதுஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டி இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது. "இடதும்" என்றார் பெரிய டொக்டர். சொல்லிவிட்டு அவர் ஓர் அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றார். றுமைஸா மருந்தை ஏற்றினார். பெரியாயி தூங்கிப்போனாள். கம்பி கம்பியின் இடத்திலேயே இருந்தது. மதுஷா எழுந்து, தலைமுடியெல்லாம் கலைந்த கோலத்தில், மெஷினுக்குப் போய் "தெனவா" என்றாள். கால்கோடுகள் இரண்டும், எங்கேயும் போகாதவை மாதிரி, எழும்பி நின்றன. ஏன் அழிந்தன, ஏன் வந்தன என்று பெரிய டொக்டர், றுமைஸா, மெஷினைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்தவர் எல்லோரும் தேடிப் பார்த்துவிட்டார்கள். ஒரு காரணமும் அகப்படவில்லை.

கொஞ்ச நாளில் பெரியாயி நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள். தன் உயரத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள். "ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஆக்கிப்புட்டீங்களேடி" என்று வாட்டே சிரிக்கப் பேசினாள். வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் மத்தியானம் மதுஷா பார்க்கப் போனபோது, வாட்டில் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். வெளியே மலையை மூடிக்கொண்டு பனி இறங்கியிருந்தது. பெரியாயி வலிக்கான மாத்திரையை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அன்னைக்கி ஒங் கொரல்ல ஒன்னு கூப்புட்டுச்சுடி. பேரச் சொல்லி. நான் கையக் குடுக்கல."

"அதுவும் நாந்தான் சின்னம்மா. புத்தி கெட்டுப்போயி பேரச் சொல்லிட்டேன்."

"நீயா? சரி, நீயா இருந்தா சரிதான்." பெரியாயி தன் கால்மாட்டைப் பார்த்தாள். "அப்ப கால்மாட்டுல ஒக்காந்திருந்தது யாரு?"

"கால்மாட்டுல யாரும் ஒக்காரல சின்னம்மா. டொக்டர் தள்ளி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. யாருமே தொடல."

"இல்லடி. ஒக்காந்திருந்துச்சு. பெருவெரல் ரெண்டையும் சேத்து வச்சுக் கட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்காத்தா செத்தப்ப கட்டுனமே, அந்த மாதிரி. அவசரமே இல்ல அதுக்கு. நீ சின்னம்மான்னதும் முடிச்சப் போடாம எந்திரிச்சிருச்சு."

மதுஷாவுக்குப் பதில் தெரியும். மயக்க மருந்து தெளிகிற நேரத்தில் இல்லாததெல்லாம் தோன்றும், ஊசியும் ஒயரும் காலில் இருந்தன, அதைத்தான் அப்படி நினைத்திருப்பாள். மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறாள். சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாத்திரை வேலை செய்து, பெரியாயியின் கண் மூடிக்கொண்டது.

மதுஷா எழுந்து வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். நிமிர்ந்த முதுகோடு பெரியாயி நேராகப் படுத்திருந்தாள். போர்வைக்குள் இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டி மேலே நீட்டிக்கொண்டிருந்தன. மதுஷா திரும்பி வந்தாள். போர்வையின் நுனியைத் தூக்கி, தூக்கம் கலையாமல் இடது காலை மெல்ல விலக்கி வைத்தாள். தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து, இரண்டு காலுக்கும் நடுவில் செருகிவிட்டு, கம்பளி இல்லாமல் பனிக்குள் இறங்கிப் போனாள்.